விடுபட்டிருக்கலாம்

சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த காலம். உதவிப் பட்டியல் ஒன்றில் எங்கள் குடும்பத்தின் பெயர் இருக்கவில்லை. ஆங்கிலத்தில் கடிதம் எழுதும்படி உம்மா சொன்னார். "யூ ஹேவ் லெஃப்ட் அவுட் அவர் நேம்" என்று எழுதினேன். நீங்கள் எங்கள் பெயரை விட்டுவிட்டீர்கள் என்பது பொருள்.

அதைக் கேட்ட உம்மா, "நாம குடுத்த ஃபோம்ல பிழ இருந்தா என்ன செய்யிற மகள்?" என்றார்.

பிரதியை எடுத்துப் பார்த்தோம். வாப்பாவின் பெயரிலுள்ள ‘முஹம்மது’, கடவுச்சீட்டில் ஒரு விதமாகவும் ஃபோமில் இன்னொரு விதமாகவும் ஆங்கிலத்தில் இருந்தது. ஃபோமை நிரப்பியவள் நான்தான். பெயர் விடுபட்டதற்குக் காரணம் அதுதானா என்பதும் தெரியாது. ஆகவே கடிதத்தை மாற்றினேன்: "அவர் நேம் மே ஹேவ் பீன் ஓவர்லுக்ட்." எங்கள் பெயர் கவனிக்கப்படாமல் விடுபட்டிருக்கலாம். எங்கள் ஃபோமில் பிழை இருந்தால் அறியத் தாருங்கள் என்றும் சேர்த்தேன். திருத்திய ஃபோமைக் கேட்டுப் பதில் வந்தது.

அன்று நான் கற்றதை இன்று மாணவிகளுக்குச் சொல்கிறேன்.

முதல் வாக்கியத்தில் ‘யூ’ என்ற எழுவாய் ஒருவரைக் குற்றவாளியாக்குகிறது. இரண்டாவது செயப்பாட்டு வினை. அதில் எவர்மீதும் பழி இல்லை. ‘மே ஹேவ்’ என்றால் நடந்திருக்கலாம். ‘மஸ்ட் ஹேவ்’ என்றால் நடந்திருக்கத்தான் வேண்டும். சான்று இல்லாத இடத்தில் இரண்டாவதை எழுதாதீர்கள்.

கேட்டறிந்த செய்திக்கு "ஆஸ் ஃபார் ஆஸ் ஐ நோ", எனக்குத் தெரிந்தவரை. நினைவிலிருந்து சொல்வதற்கு "இஃப் ஐ ஆம் நொட் மிஸ்டேக்கன்", நான் பிழைபடாவிட்டால். தவறு நம்முடையதாக இருக்கக்கூடுமானால் "ஐ மே ஹேவ் ஓவர்லுக்ட் இட்", நான் கவனியாமல் விட்டிருக்கலாம். ‘ஓவர்சைட்’ என்ற பெயர்ச்சொல்லில் மட்டும் அவதானம் தேவை. கவனக்குறைவுக்கும் அதுதான் சொல், மேற்பார்வைக்கும் அதுதான் சொல். இடத்தைப் பார்த்தே பொருள் கொள்ள வேண்டும்.

இந்தப் பணிவு நமக்குப் புதிதல்ல. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரும் அவையடக்கம் கூறியே தொடங்கினார். மார்க்கத் தீர்ப்பு எழுதும் உலமாக்கள் ‘அல்லாஹு அஃலம்’, அல்லாஹ்வே நன்கறிந்தவன், என்று முடிப்பார்கள்.

ஆனால் உறுதியாகத் தெரிந்த இடத்தில் இந்தச் சொற்கள் வேண்டாம். வடக்கு முஸ்லிம்கள் 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டார்கள். அப்படி வந்தவர்கள் குடியேறிய ஊர்களில் தில்லையடியும் ஒன்று. இதை எழுதும் பிள்ளை ‘மே ஹேவ்’ போடத் தேவையில்லை. விட்டுவந்த வீட்டில் எத்தனை தென்னை நின்றது என்று எழுதும்போது, உம்மாவிடம் கேட்டுவிட்டு, ‘எனக்குத் தெரிந்தவரை’ என்று தொடங்கட்டும்.