பிள்ளைகள் நாடகம் போடப் போகிறார்களா?

கோடை முகாம் முடியும் நாளில் பிள்ளைகள் தெருக்காரர்களுக்கு ஒரு நாடகம் போட்டுக் காட்டினால் அந்தத் தெருவே களைகட்டிவிடும். வாடகை உடுப்பும் மேடையும் தேவையில்லை. வீட்டில் கிடப்பதே போதும். பெரியவர்கள் எங்கே கைகொடுக்க வேண்டும், எங்கே ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதற்குச் சில குறிப்புகள்:

1. வசனத்தை எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். தெனாலிராமன், மரியாதைராமன் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்த கதையாக எடுத்துக்கொண்டு, "பொய்ச் சாட்சி சொல்ல வந்தவன் மாட்டிக்கிட்டா என்ன பேசுவான்?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலே வசனம். மனப்பாட வசனத்தில் ஒரு வரி விட்டுப்போனால் பிள்ளை திகைத்து நின்றுவிடும். தானே யோசித்துப் பேசியது மறந்தால் வேறு வார்த்தையில் சமாளித்துவிடும். மரியாதைராமன் வழக்குகளில் இன்னொரு வசதி, எத்தனை பிள்ளைகள் வந்தாலும் சபையில் வேடிக்கை பார்க்கும் ஊர்ஜனங்களாகச் சேர்த்துக்கொள்ளலாம். கால் மணி நேரத்துக்கு மேல் நீட்ட வேண்டாம்.

2. யாருக்கு எந்த வேடம் என்பதைப் பிள்ளைகளே பேசி முடிவு செய்யட்டும். பீமனாக நிற்க ஒரு பெண் ஆசைப்பட்டால் கதாயுதத்தை அவள் கையில் கொடுங்கள். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் ராஜா, ராணி எல்லா வேடமும் சிறுவர்களே கட்டினார்கள். பின்னாளில் நாடகத்தில் பேர் வாங்கிய டி.கே.எஸ். சகோதரர்கள் நடிக்க வந்தது அங்கேதான்.

3. திரைக்குக் கம்பமும் கயிறும் தேட வேண்டாம். தெருக்கூத்தில் செய்வதுபோல, ஒரு பழைய போர்வையையோ எட்டு முழ வேட்டியையோ இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொள்ளட்டும். ராஜா அதன் பின்னால் வந்து நின்று முதலில் குரல் மட்டும் கொடுப்பார். கட்டியங்காரன் முன்னால் நின்று, "யாருய்யா நீ, எந்த ஊரு?" என்று கேட்பான். அதற்குப் பதில் வந்த பிறகுதான் திரை விலகும். முன்வரிசைக் குழந்தைகள் எட்டி எட்டிப் பார்ப்பார்கள். கூச்சப்படும் பிள்ளைக்கும் இது பெரிய உதவி. கூட்டத்தைப் பார்ப்பதற்கு முன்பே வாய் திறந்து பேசியாகிவிடுகிறது. நன்றாக வாயாடும் பிள்ளையைக் கட்டியங்காரனாக்குங்கள். நடுவில் யாராவது தடுமாறினாலும் கேள்வி கேட்டே கதையை இழுத்துச் சென்றுவிடும்.

4. யார் எங்கே நிற்பது என்பதற்குக் கோலமாவால் தரையில் புள்ளி வைத்துவிடுங்கள். ஒத்திகையின்போது ஒருவர் கடைசி வரிசை இருக்கும் இடத்தில் நின்று, குரல் கேட்டால் மட்டும் கையைத் தூக்கட்டும். மைக் தேவைப்படாது.

5. சத்தங்களுக்கு அடுக்களைக்குப் போங்கள். முறத்தில் ஒரு பிடி அரிசியைப் போட்டு மெதுவாகச் சாய்த்தால் மழை. கொட்டாங்கச்சி இரண்டைத் தரையில் மாற்றி மாற்றித் தட்டினால் குதிரை. பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தைத் தட்டினால் இடி. சிப்ஸ் பாக்கெட்டைக் காதருகே கசக்கினால் நெருப்பு சடசடப்பது கேட்கும், ஆனால் அது முன்வரிசையோடு நின்றுவிடும். நடிக்க விருப்பமில்லாத பிள்ளைகளை இந்த வேலைக்கு விடுங்கள்.

6. முகத்தில் சாயப் பொடியோ கண்ட பெயிண்டோ பூச வேண்டாம். தேங்காயெண்ணெயை லேசாகத் தடவி, மேலே பவுடர் போட்டு, கண் மையால் மீசையும் புருவமும் வரைந்தால் போதும். கன்னத்துக்குப் பீட்ரூட் சாறு. புதிதாக எதைப் பூசுவதானாலும் முதல் நாளே முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம் தடவிப் பாருங்கள், அரித்தால் விட்டுவிடுங்கள். கலைக்கும்போது சோப்பைத் தொடுவதற்கு முன் எண்ணெய் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு, பயத்தமாவு போட்டுக் கழுவினால் முகம் எரியாது.

7. கிரீடத்துக்கு அட்டைப்பெட்டி, ஒட்ட மைதாப் பசை. ஒரு கரண்டி மைதாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துச் சிறுதீயில் கிளறினால் பசை தயார். வெயில் காலத்தில் மறுநாளே புளித்துவிடும், அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சுங்கள். தாடிப் பஞ்சை முகத்தில் ஒட்டாமல் துணிப்பட்டையில் தைத்து, எலாஸ்டிக்கைக் காதில் மாட்டிவிடுங்கள்.

8. ஒத்திகை காலை பத்து மணிக்குள், இல்லையென்றால் வெயில் தாழ்ந்த பிறகு. நாடகம் மாலை ஆறுக்கு மேல். பார்ப்பவர்கள் மேற்கு நோக்கி உட்காரும்படி வைத்தால் அவர்கள் கண் கூசும். நடிக்கும் பிள்ளைகளுக்குப் பானகமும் நீர்மோரும் தயாராக இருக்கட்டும்.

9. அழைப்பிதழைப் பிள்ளைகளே கையால் எழுதி வீடு வீடாகப் போய்க் கொடுக்கட்டும். இஸ்திரி வண்டிக்காரர், பூக்கார அக்கா, தெரு பெருக்குகிறவர்கள், வாட்ச்மேன் எல்லோருக்கும் தனித்தனியாக ஒன்று. அவர்களுக்கும் முன்னால் இடம் போடுங்கள். பெற்றோர் மட்டும் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்க்கும் நாடகத்தில் பிள்ளைகளுக்குக் கிடைக்காத ஒன்று, பேர் தெரியாத மனிதர் வாய்விட்டுச் சிரிப்பதில் கிடைக்கிறது. வயதானவர்களுக்கு நாற்காலி, மற்றவர்களுக்கு ஜமக்காளம்.

10. இரவல் வாங்கிய புடவை, தாம்பாளம், முறம் எல்லாவற்றிலும் வாங்கியபோதே வீட்டுப் பெயர் எழுதிய பிளாஸ்திரியை ஒட்டிவிடுங்கள். மறுநாள் காலையில் பிள்ளைகளே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்கட்டும்.