குழந்தைகளின் மலசலப் பழக்கம்

(படிப்பு வட்டங்களுக்கான பாடம்)

நம் கூட்டுறவுச் சங்கங்களின் அங்கத்தினர்களுள் பெரும்பாலோர் தொழிலையும் குடும்பத்தையும் ஒரே கூரையின்கீழ் நடத்துபவர்கள். தறி இருக்கும் கூடத்திலேயே தூளியும் தொங்குகிறது. தந்தை தறியில் அமர்ந்திருக்க, தாய் தார் சுற்றிக்கொண்டிருக்கிறாள். விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டும் நாட்களில் வீட்டிலுள்ள அனைவருமே அங்கு நிற்க வேண்டியிருக்கிறது. பயிரிடும் குடும்பங்களிலோ நடவும் களையெடுப்பும் பருத்தி எடுப்பும் தாயைப் பொழுது புலருமுன்பே வயலுக்கு அழைத்துவிடுகின்றன. இத்தகைய வீடுகளில், 'அம்மா, வெளிக்கு வருகிறது' என்று குழந்தை சொல்லும் வேளை, பெரும்பாலும் வேலையை நிறுத்த முடியாத வேளையாகவே அமைந்துவிடுகிறது. 'சற்றுப் பொறு' என்கிறோம். பொறுக்கமாட்டாத குழந்தை பாவின் அருகே நனைத்துவிட்டால் முதுகில் ஓர் அறை விழுகிறது. பொறுத்துக்கொண்ட குழந்தையை நல்ல குழந்தை என்று மெச்சுகிறோம். பழக்குவது வேறு; அடக்கச் செய்வது வேறு. முன்னது நலம் தருவது. பின்னது நோய்க்கு வித்திடுவது. இதனை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

நம் வழக்கமும் பிறர் வழக்கமும்

கால்களை நீட்டி அமர்ந்து, பாதங்களின்மீது சிசுவை உட்கார வைத்து, 'உஸ்' என்று ஒலியெழுப்பிச் சிறுநீர் கழிக்கச் செய்வது நம் பாட்டிமார்கள் அறிந்த முறை. இது நமக்கு மட்டும் உரியதன்று. கிழக்கு ஆப்பிரிக்காவில் கென்யாவின் கடற்கரைப் பகுதியில் வாழும் டிகோ மக்கள், குழந்தை பிறந்த சில வாரங்களிலேயே இவ்வாறு பழக்கத் தொடங்குகின்றனர் என்று 1977-இல் வெளிவந்த ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று எடுத்துரைத்தது. அங்கும் தாய் குழந்தையைத் தன் கால்களின்மீது அமர்த்தி ஒலியெழுப்புகிறாள். குழந்தை கழித்தவுடன் பாலூட்டியும் அணைத்தும் மகிழ்விக்கிறாள். ஐந்தாறு மாதங்களுக்குள் குழந்தை பெரும்பாலும் நனைக்காமல் இருக்கிறது.

மேனாடுகளில் கருத்து பலமுறை மாறியுள்ளது. 1930-களில் அமெரிக்க அரசாங்கம் தாய்மார்களுக்கென வெளியிட்ட கைநூல்கள், கடிகாரத்தைப் பார்த்துக் கண்டிப்புடன் பழக்குமாறு கூறின. பின்னர் டாக்டர் டி. பெரி பிரேசல்டன் என்னும் குழந்தை மருத்துவர், 1,170 குழந்தைகளைப் பற்றிய தம் அனுபவத்தை 1962-இல் வெளியிட்டு, ஏறத்தாழ 18 மாதங்கள் நிரம்பியபின், குழந்தையின் ஆயத்தத்தை அறிந்து, வற்புறுத்தலின்றித் தொடங்குதல் வேண்டும் என்றார்.

இவற்றுள் எது சரி என்று வழக்காடுவது தேவையில்லை. டிகோ தாயின் முறையும் பிரேசல்டனின் முறையும் காலத்தால் வேறுபடினும், குழந்தையின் குறிப்பைப் பெரியவர் கவனித்தலே இரண்டிற்கும் அடிப்படை. ஆறு மாதக் குழந்தை நனைக்காமலிருப்பின், அது தாயின் கவனத்திற்குக் கிடைத்த வெற்றி. குழந்தை தானே அடக்கப் பழகிவிட்டதாகப் பொருளன்று. அத்திறமை ஒன்றரை வயது முதல் நான்கு வயது வரையில் படிப்படியாகவே வருவது.

உடல் இயங்கும் முறை

பிறந்த சிசு நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 முறை சிறுநீர் கழிக்கிறது. மூத்திரப்பை வளர வளர இது குறைகிறது. குழந்தையின் வயதோடு ஒன்றைக் கூட்டி 30-ஆல் பெருக்கினால், மூத்திரப்பை கொள்ளும் அளவு மில்லிலிட்டரில் கிடைக்கும் என்பது மருத்துவர்கள் கையாளும் கணக்கு. அதன்படி ஐந்து வயதுக் குழந்தையின் பை 180 மில்லிலிட்டர் கொள்ளும்; ஒரு தேநீர்க் குவளை அளவுதான். இக்குழந்தை நாளொன்றுக்கு நான்கு முதல் ஏழு முறை கழிப்பது இயல்பு. மூன்று முறையோ அதற்குக் குறைவாகவோ கழிப்பின், அது அடக்குகிறது என்று ஐயுறலாம்.

உணவு வயிற்றில் விழுந்தவுடன் பெருங்குடல் அசைந்து கொடுப்பது இயற்கை. ஆகவே உண்டபின் மலம் கழிக்கும் உணர்வு தோன்றுகிறது. அதனை அடக்கினால் மலத்திலுள்ள நீரைக் குடல் உறிஞ்சிவிட, மலம் இறுகுகிறது. இறுகிய மலம் வெளிவரும்போது வலிக்கிறது. வலிக்கு அஞ்சிக் குழந்தை மீண்டும் அடக்குகிறது. இவ்வாறு தொடர்ந்தால் மலக்குடல் விரிந்து உணர்வு மங்குகிறது. பின்னர் இறுகிய மலத்தைச் சுற்றி நீர்த்த மலம் கசிந்து உடையைக் கறைப்படுத்துகிறது. இதனை வயிற்றுப்போக்கு என்று கருதி அதற்கு மருந்து கொடுப்போரும், சோம்பல் என்று கருதி அடிப்போரும் உண்டு. இரண்டும் தவறு.

தீங்கு இத்துடன் நிற்பதில்லை. நிறைந்த மலக்குடல் தன் முன்னுள்ள மூத்திரப்பையை அழுத்துகிறது. அதனால் அடிக்கடி நனைத்தலும் மூத்திரத் தொற்றும் உண்டாகின்றன. காய்ச்சலோடு கூடிய தொற்று மீண்டும் மீண்டும் வருமாயின், சிறுநீரகத்தில் தழும்பு ஏற்படவும் கூடும். அமெரிக்காவின் அயோவாவில் மலச்சிக்கலுற்ற 234 குழந்தைகளைப் பற்றி 1997-இல் வெளிவந்த ஆராய்ச்சியில், மலச்சிக்கல் நீங்கியபின், பகலில் நனைத்துவந்த குழந்தைகளுள் 100-க்கு 89 பேரும், இரவில் நனைத்துவந்தவர்களுள் 63 பேரும் அத்தொல்லையிலிருந்து விடுபட்டனர். நனைக்கும் குழந்தையை அடிப்பதற்கு முன் அதன் வயிற்றைப் பற்றி எண்ணுதல் வேண்டும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

பழக்கும் விதம்

1. சிசுவைத் தூங்கி எழுந்ததும், பால் குடித்ததும் ஓரிரு நிமிடம் காலில் அமர்த்தலாம். கழுத்து நிற்காத குழந்தையாயின் தலையையும் முதுகையும் தாங்கிக்கொள்ளல் வேண்டும். உடலை விறைத்து அழுதால் உடனே எடுத்துவிடுக.

2. நடக்கவும், தேவையைச் சொல்லவும், இரண்டு மணி நேரம் நனைக்காமல் இருக்கவும் இயன்ற குழந்தைக்கு, உட்காரத்தக்க சிறு பாத்திரம் ஒன்றைத் தனியே ஒதுக்குக. பெரியோர் கழிப்பறையின் குழியைக் கண்டு குழந்தை அஞ்சுவது இயல்பே. பாதங்கள் தரையில் நன்கு ஊன்றியிருத்தல் அவசியம். காலை உணவுக்குப் பின்னும் மாலை உணவுக்குப் பின்னும் ஐந்து நிமிடம் அமர்ந்தால் போதும்.

3. ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே உணவு, தண்ணீரும் வேண்டுவதில்லை. தாய்ப்பால் மட்டும் உண்ணும் குழந்தை சில நாட்களுக்கு ஒருமுறை கழித்தாலும், மலம் இளகியிருப்பின் அது மலச்சிக்கலன்று. வளர்ந்த குழந்தைக்குக் கீரை, கேழ்வரகு, கொய்யா, கனிந்த வாழைப்பழம், போதிய தண்ணீர் ஆகியவை வேண்டும். பாலும் பிஸ்கோத்துமே உணவாக இருத்தல் ஆகாது.

4. வெற்றிலைக் காம்பையோ சோப்புத் துண்டையோ ஆசனவாயில் செருகுவதும், விளக்கெண்ணெய் ஊற்றிப் பேதியாக்குவதும் கைவிடத்தக்கவை. முன்னது புண்ணாக்கும். பின்னது உடலின் நீரை வற்றச் செய்வதோடு, புரையேறி நுரையீரலுள் சென்றால் உயிருக்கே ஆபத்தாகும்.

5. பெண் குழந்தைகளை முன்னிருந்து பின்னாகக் கழுவுதல் வேண்டும்.

6. குழந்தையின் மலம் தீங்கற்றது என்பது மூடநம்பிக்கை. அதிலும் நோய்க் கிருமிகளும் புழு முட்டைகளும் உண்டு. 2014-இல் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தின் உதவியால் வீட்டிற்குக் கழிப்பறை வந்தபின்னும், குழந்தையின் மலம் சாக்கடைக்கும் குப்பைக்கும் போவது முறையன்று. அதனைக் கழிப்பறையில் கொட்டி, சோப்பினால் கை கழுவிய பின்னரே சோற்றையும் நூலையும் தொடுதல் வேண்டும்.

இரவில் நனைத்தல்

ஐந்து வயதுக் குழந்தைகளுள் 100-க்கு ஏறத்தாழ 15 பேர் உறக்கத்தில் நனைப்பவர்கள். பெற்றோருக்கு இளமையில் அவ்வாறு இருந்திருப்பின் பிள்ளைக்கும் வருதல் உண்டு. உறங்கும் குழந்தை வேண்டுமென்று செய்வதன்று இது. பிறர் எதிரில் பாயைக் காட்டி நாணச் செய்வதால் நோய் தீராது. குழந்தையின் மனமே புண்படும். மருமகளின் வளர்ப்பைக் குறை கூறுவதும் நியாயமன்று.

ஆனால் சில குறிகளைக் கண்டால் தாமதமின்றி மருத்துவரை நாடுதல் வேண்டும். பிறந்து 48 மணி நேரத்திற்குள் மலம் போகாமை, வயிறு உப்பி வாந்தியெடுத்தல், சிறுநீரில் இரத்தம், காய்ச்சலோடு எரிச்சல், ஆண் சிசுவின் சிறுநீர் தாரையாக வராமல் சொட்டுச் சொட்டாக வருதல் ஆகியவை அத்தகையன. நனைப்பதை விட்டிருந்த குழந்தை மீண்டும் நனைக்கத் தொடங்கி, ஓயாத தாகமும் உடல் மெலிவும் கொண்டால், அது நீரிழிவாக இருக்கக்கூடும். அன்றே பரிசோதித்தல் அவசியம்.

சங்கம் செய்யத்தக்கது

தாய் ஒருத்தி எழுந்து செல்வதால் இழக்கும் நேரம் சில நிமிடங்களே. அறுந்த இழையை முடியத் தறியை நிறுத்துகிறோம். குழந்தைக்காக நிறுத்துவதில் நட்டம் என்ன? ஆனால் தாயின் கவனம் ஒன்றே போதாது. சங்கத்தின் நெசவுக் கூடத்தில் தண்ணீரும் தாழ்ப்பாளும் உள்ள கழிப்பறை இல்லையெனில், அங்கு வேலை செய்யும் பெண்களும், உடன் வரும் குழந்தைகளும் நாள் முழுவதும் அடக்கவே கற்றுக்கொள்வர். ஊர்ப் பள்ளியின் நிலையும் அவ்வாறாயின், நம் பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கவே அஞ்சுவர். லாபத்தைப் பங்கிடும் பொதுக்குழுவில் இவ்விஷயமும் பேசத்தக்கதே.

கலந்து பேசுவதற்குரிய வினாக்கள்

1. நம் வீட்டுக் குழந்தை நாளொன்றுக்கு எத்தனை முறை சிறுநீர் கழிக்கிறது? ஒரு நாள் எண்ணிப் பார்த்தோமா?

2. பாவு நீட்டும் நாளிலும் நடவு நாளிலும் குழந்தையைக் கவனிக்கும் பொறுப்பு யாருடையது?

3. குழந்தையின் மலத்தை எங்கே கொட்டுகிறோம்?

4. நம் சங்கக் கட்டடத்திலும் ஊர்ப் பள்ளியிலும் உள்ள கழிப்பறைகளில் தண்ணீர் வருகிறதா? தாழ்ப்பாள் பொருந்துகிறதா? இல்லையெனில், அடுத்த கூட்டத்திற்கு முன் அதனைச் செய்து முடிக்கும் பொறுப்பை ஏற்பவர் யார்?