காட்டோரக் கொல்லையும் வனச் சட்டமும்
விவசாயிகள் கேட்கும் சில கேள்விகள்

நிலக்கடலை காய் பிடிக்கும்போதும் மக்காச்சோளம் பால் பிடிக்கும்போதும் காட்டுப்பன்றிகள் கூட்டமாக இறங்கி, ஒரே இரவில் கொல்லையைக் கிளறிப் போட்டுவிடுகின்றன. தின்பதைவிடக் கெடுப்பது அதிகம். மரவள்ளி, வாழை, கரும்பு எதுவும் தப்புவதில்லை. மலை அடிவாரக் கிராமங்களில் மட்டும் இருந்த இந்தத் தொல்லை இப்போது சமவெளிக்கும் வந்துவிட்டது. சீமைக் கருவேலம் மண்டிய ஏரியும் ஓடையும் பன்றிக்கு நல்ல மறைவிடங்கள். காடு பல மைல் தள்ளி இருந்தாலும் பன்றி பக்கத்திலேயே குடியிருக்கிறது.

"என் பயிரை அழிக்கும் பன்றியை நான் ஏன் கொல்லக்கூடாது?" என்பதே விவசாயிகள் கேட்கும் முதல் கேள்வி.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. இச்சட்டத்தில் வேட்டை என்பது துப்பாக்கியால் சுடுவது மட்டுமன்று. விஷம் வைத்தல், சுருக்குக் கண்ணி, பொறி, இரை வைத்துப் பிடித்தல், துரத்திப் பிடித்தல் எல்லாமே வேட்டைதான். 2022-இல் திருத்தப்பட்ட இச்சட்டம் 2023 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. விலங்குகள் இப்போது இரண்டு பட்டியல்களில் உள்ளன. யானை, புலி, சிறுத்தை, மயில் ஆகியவை முதல் பட்டியல். காட்டுப்பன்றி இரண்டாம் பட்டியல்.

இந்தப் பிரிவினையை விவசாயி தெரிந்து வைத்திருப்பது அவசியம். முதல் பட்டியல் விலங்கைக் கொல்ல, அது மனித உயிருக்கு ஆபத்தாக இருந்தாலோ, தீராத காயம் அல்லது நோய் கண்டிருந்தாலோ மட்டும், மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதிக்கலாம். பயிர்ச் சேதம் அதற்குக் காரணமாகாது. இரண்டாம் பட்டியல் விலங்குக்கு, நிற்கும் பயிரை அழிப்பதும் போதுமான காரணமே. ஆனால் அனுமதி எழுத்து மூலமாக இருக்க வேண்டும். யாரோ வாய்மொழியாகச் சொன்னார் என்பது நீதிமன்றத்தில் நிற்காது. முதல் பட்டியல் விலங்கைக் கொன்றால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறையும், குறைந்தது 25 ஆயிரம் ரூபாய் அபராதமும் உண்டு.

காட்டுப்பன்றி குறித்துத் தமிழக அரசு 2025 ஜனவரியில் ஒரு முறையை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம். சுடுவது வனத்துறையின் வேலை, விவசாயியின் வேலையன்று. கிராம அளவில் உள்ள குழுவிடம் மனுக் கொடுக்க வேண்டும். ஊரில் உள்ள அனைவரும் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுத்தால் கவனம் கிடைக்கும். இம்முறையில் ஒரு குறை இருக்கிறது. காட்டை ஒட்டி உழுபவருக்குத்தான் நட்டம் அதிகம். அவருக்குத்தான் நிவாரணம் குறைவு. அண்டை மாநிலமான கேரளத்தில் 2022-இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே பன்றியைச் சுட அனுமதிக்கும் அதிகாரம் வழங்கப்பட்டது.

அடுத்தது மின்வேலி. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பம்ப்செட் கொட்டகையிலிருந்து ஒரு கம்பியை இழுத்து வேலியில் கட்டிவிடும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே இப்படிப்பட்ட வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. இரண்டு குட்டிகள் மட்டும் தப்பின. நிலத்துக்காரர் கைதானார். யானை இறந்தால் செய்தி பெரிதாக வருகிறது. இரவில் தண்ணீர் திருப்பப் போன பக்கத்துக் கொல்லைக்காரர் இதே கம்பியை மிதித்து மாண்டால் செய்தித்தாளின் மூலையில் நான்கு வரிதான். உயிர் போனால் வேலி போட்டவர் மீது கொலையாகாத மரணம் விளைவித்த வழக்கு வரும். 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டப்படி மின் திருட்டு வழக்கும் சேர்ந்து வரும்.

"கடைகளில் விற்கும் பேட்டரி வேலியிலும் மின்சாரம்தானே ஓடுகிறது? அது மட்டும் எப்படிச் சரி?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வீட்டு மின்சாரம் 230 வோல்ட், இடைவிடாமல் ஓடுவது. தொட்டவுடன் தசை இறுகி, கை கம்பியை விடாமல் பற்றிக்கொள்ளும். மின்னோட்டம் இதயத்தின் வழியே தொடர்ந்து பாய்ந்து உயிரைப் பறிக்கும். சோலார் வேலியின் கருவியோ பேட்டரி மின்சாரத்தைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தினாலும், கண் இமைக்கும் நேரத்தினும் குறைவாக ஒரு துடிப்பை மட்டுமே அனுப்புகிறது. பிறகு சுமார் ஒரு விநாடி ஓய்வு. அந்த இடைவெளியில் விலங்கு விலகிவிடும். வலி உண்டு, மரணம் இல்லை. ஆனால் இந்தக் கருவியை விட்டுவிட்டு கம்பியை நேராக மின் இணைப்பில் மாட்டினால் சோலார் வேலியும் எமனே.

தமிழ்நாட்டில் மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்த 2023-இல் தனி விதிகள் வந்துள்ளன. காப்புக்காட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் புதிதாக மின்வேலி அமைக்க மாவட்ட வன அலுவலரிடம் முன் அனுமதி பெற வேண்டும். ஏற்கெனவே போட்ட வேலியையும் பதிவு செய்ய வேண்டும். கருவி இந்தியத் தர நிர்ணயப்படி இருக்க வேண்டும். வேலிக்கு மானியம் உண்டா என்பதை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டறியலாம். மானியமும் நிதி ஒதுக்கீடும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், கேட்காமல் கடன் வாங்கிக் கம்பி வாங்க வேண்டாம்.

பன்றிக்கு என்றால் கீழ்க் கம்பி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திலேயே இருக்க வேண்டும். உயர்ந்தால் அடியில் நுழைந்துவிடும். புல்லும் கொடியும் கம்பியைத் தொட்டால் மின்சாரம் மண்ணில் இறங்கி, வேலி வலுவிழக்கும். வாரம் ஒரு முறை களை வெட்டுவது நல்லது. கோடையில் மண் காய்ந்தால் தரை இணைப்பு வேலை செய்யாது. அந்தக் குழியில் தண்ணீர் ஊற்றி வர வேண்டும். வேலி போட்டும் பன்றி வருகிறது என்று குறைப்படுவோர் முதலில் இந்த இரண்டையும் பார்க்கவும்.

செலவு கட்டாதவர்கள் வரப்போரம் ஆமணக்கை நெருக்கமாக விதைக்கலாம். பன்றி ஆமணக்கைத் தொடாது. பயிரின் வாசனையும் ஓரளவு மறையும். பழைய மீன் வலையைச் சுற்றிக் கட்டுவதும் பயன் தருகிறது. பழஞ்சேலை, தலைமுடி போன்றவை சில நாட்களுக்குத்தான், பன்றி பழகிவிடும். அவுட்டுக்காய் வைப்பது மட்டும் கூடவே கூடாது. பன்றிக்கு வைத்ததை மாடு கடித்து வாய் கிழிந்து சாகிறது. 2020 மே மாதம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் சினை யானை ஒன்று வெடி வைத்த காயைக் கடித்து, ஆற்றில் நின்றபடியே இறந்ததை நாடே அறியும்.

மயில் விதைக் கடலையையும் தக்காளியையும் கொத்துகிறது என்பது உண்மையே. பூச்சி மருந்து கலந்த தானியத்தை இறைத்துப் பலர் வழக்கில் சிக்கியிருக்கிறார்கள். மயில் முதல் பட்டியல் என்பதை மறக்க வேண்டாம். விதைத்து முளை வரும் வரை காவல் வைப்பதும், மினுமினுக்கும் நாடா கட்டுவதும்தான் வழி. யானைக்கு இவை எதுவும் பயன்படாது. யானை வழித்தடத்தில் வாழையும் கரும்பும் வைத்துவிட்டுக் காவல் காப்பதைவிட மஞ்சள், மிளகாய் என்று மாற்றிப் பார்ப்பது மேல்.

சேதம் ஆகிவிட்டால் அன்று காலையே வனச்சரக அலுவலகத்துக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் தகவல் தர வேண்டும். நிலத்தைச் சரிசெய்வதற்கு முன் கால் தடம், சாணம், சாய்ந்த பயிர் தெரியும்படி புகைப்படம் எடுக்க வேண்டும். மனுவுடன் சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகல்கள் வைத்துப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது கேட்டு வாங்கவும். குத்தகைதாரர்கள் தாங்கள் பயிரிடுவது அடங்கலில் ஏறியிருக்கிறதா என்று விதைத்த உடனேயே பார்த்துக்கொள்ள வேண்டும். சேதத்துக்குப் பிறகு ஓடினால் பணம் பட்டாதாரர் பெயருக்குப் போகும். நிவாரணம் தாமதமாக வருகிறது, போதவில்லை என்ற குறை எங்கும் உண்டு. அதற்காக மனுக் கொடுக்காமல் இருந்தால் சேதக் கணக்கே பதிவாகாது.

பயிர்க் காப்பீட்டிலும் மாற்றம் வந்திருக்கிறது. வன விலங்குச் சேதத்தைப் பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் கூடுதல் காப்பாக, 2026 காரீப் பருவம் முதல் சேர்ப்பதாக மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. எந்த விலங்கு, எந்த மாவட்டம் என்பதை மாநில அரசு அறிவிக்க வேண்டும். சேதத்தை 72 மணி நேரத்துக்குள் கைபேசிச் செயலியில் படத்துடன் தெரிவிக்க வேண்டும். பிரீமியம் கட்டும்போதே தங்கள் பகுதி சேர்ந்துள்ளதா என்று கேட்டுவிடுவது நல்லது.

சரணாலயத்தைச் சுற்றிச் சூழல் உணர்திறன் மண்டலம் அறிவித்தால் பட்டா போய்விடும் என்ற பேச்சும் கிராமங்களில் உலவுகிறது. பட்டா போகாது, உழவும் தடைப்படாது. கல் குவாரி, சுரங்கம், மாசுபடுத்தும் ஆலை ஆகியவற்றுக்குத்தான் தடை. எல்லா இடத்திலும் 1 கிலோமீட்டர் மண்டலம் கட்டாயம் என்று 2022 ஜூனில் பிறப்பித்த உத்தரவை உச்ச நீதிமன்றமே 2023 ஏப்ரலில் தளர்த்தியது.

கடைசியாக, கிணற்றில் விழுந்த விலங்கு. சுவர் இல்லாத கிணறு பன்றிக்கும் சிறுத்தைக்கும் காட்டு மாட்டுக்கும் பொறி போன்றது. விழுந்தால் கயிறு கட்டி இறங்க வேண்டாம். கூட்டமும் சேர்க்க வேண்டாம். ஆழமான கிணறானால் மிதக்கும்படி ஒரு கட்டையை இறக்கிவிட்டு, வனத்துறைக்குச் சொல்லிவிட்டு விலகி நிற்கவும். செத்துக் கிடந்தாலும் புதைக்கக் கூடாது. அதன் உடல் அரசின் சொத்து. மறைத்தால் பழி நிலத்துக்காரர் மீதுதான் விழும்.