பருத்த மரமெல்லாம் பால் மிகுந்த மரமா?

ஒரே தோட்டத்தில், ஒரே காலையில், இருவர் தத்தம் நிரையில் பால் வெட்டுகின்றனர். மரங்களின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இல்லை. எனினும், ஒருவருடைய வாளி நிறைகின்றது. மற்றவருடைய வாளியோ பாதியைத் தாண்டுவதில்லை. இத்தனைக்கும் இரண்டாமவருடைய மரங்களே பருத்து நிற்கின்றன. பால் குறைந்தால் பழி முதலில் வெட்டியவர் கைமீதே விழுகின்றது; நிறுவையையொட்டிக் கூலி அமையும் இடங்களில் வருமானமும் குறைகின்றது. ஆகவே, மரத்தின் எந்த இயல்பு பாலைப் பெருக்குகின்றது, எந்த இயல்பு கண்ணை மட்டும் கவர்கின்றது என்பதனைப் பால்வெட்டும் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம். அதனை இங்கு ஆராய்வோம்.

விதை மரமும் ஒட்டு மரமும்

1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசில் நாட்டு அமேசான் காட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். அடுத்த ஆண்டு கியூ தோட்டத்திலிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தடைந்தன. அவற்றுள் சில பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் நடப்பட்டன. தொடக்க காலத் தோட்டங்கள் யாவும் விதையிலிருந்து வளர்ந்தவையே.

ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஒரே குணம் கொண்டிருப்பதில்லை அல்லவா? அதுபோலவே, நன்கு பால் தரும் மரத்தின் விதைகள் அனைத்தும் தாயைப்போல் வளர்வதில்லை. அந்நாளைய விதைத் தோட்டங்களில் ஒரு சில மரங்களே பாலில் பெரும்பங்கைத் தந்தன; ஏனையவை வெட்டுபவரின் நேரத்தையே உண்டன. தேர்ந்தெடுக்கப்படாத விதை மரங்கள் எக்டருக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 500 கிலோ ரப்பரே அளித்தன.

1910ஆம் ஆண்டுகளில் ஜாவாத் தீவில் மொட்டு ஒட்டும் முறை ரப்பருக்குப் பயன்படுத்தப்பட்டது. சிறந்த மரத்தின் மொட்டை எடுத்து வேறொரு கன்றில் ஒட்டினால், அம்மொட்டிலிருந்து எழும் மரம் தாய்மரத்தின் இயல்புகளை அப்படியே கொண்டிருக்கும். இவ்வாறு ஒரே மரத்திலிருந்து பெருக்கப்பட்ட இனத்தையே குளோன் என்கின்றோம்.

நம் நாட்டில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. (1998 முதல் அதன் பணிகள் மலேசிய ரப்பர் வாரியத்தின் கீழ் நடைபெறுகின்றன.) அக்கழகத்தார் நல்ல இனங்களைத் தம்முள் கலந்து புதிய இனங்களை உருவாக்கினர். தோட்டப்புறத்தார் நன்கறிந்த ஆர்.ஆர்.ஐ.எம். 600 அவற்றுள் ஒன்று. அதன் தாய் ஜாவாவிலிருந்து வந்த சிர் 1, தந்தை பி.பி. 86. இன்று புத்ராஜெயா நகர் எழுந்துள்ள நிலத்தில் முன்பு இருந்த பிராங் பெசார் தோட்டத்திலேயே பி.பி. 86 தோன்றியது. இத்தகைய இனங்கள் நல்ல பராமரிப்பில் எக்டருக்கு 1,500 கிலோவுக்கு மேல் தரவல்லவை. பழைய விதை மரங்களைப்போல் இது மும்மடங்காகும்.

பட்டைக்குள் இருக்கும் களஞ்சியம்

இம்மும்மடங்குப் பால் எங்கிருந்து வந்தது? ரப்பர் மரத்தின் பால் நடுக்கட்டையில் இல்லை, பட்டையில்தான் உள்ளது. பட்டையின் வெளிப்புறம் காய்ந்த பொருக்கு. அதற்கடுத்தது கரடுமுரடான கடினப் பட்டை. அதற்கும் உள்ளே மென்பட்டை. அதன் அடியில், கட்டையை ஒட்டி, வழுவழுப்பான வளர்படலம் இருக்கின்றது. புதிய பட்டையை உண்டாக்குவது இப்படலமே.

பால் குழாய்கள் மரத்தைச் சுற்றி வளையம் வளையமாக அமைந்துள்ளன. வளர்படலத்தை நெருங்க நெருங்க வளையங்கள் மிகுதி. ஒரு வளையத்திலுள்ள குழாய்கள் தமக்குள் இணைந்திருக்கும். ஆனால், ஒரு வளையத்திற்கும் மற்றொரு வளையத்திற்கும் பொதுவாகத் தொடர்பில்லை. ஆகவே, உளி எட்டாத வளையத்தின் பால் மங்கில் விழுவதில்லை.

மரத்தின் பல இயல்புகளையும் விளைச்சலையும் ஒப்பிட்டு 1970ஆம் ஆண்டுகளில் நம் ஆய்வாளர்கள் ஆராய்ந்தனர். பட்டையின் தடிப்பு, மரத்தின் சுற்றளவு, குழாய்களின் பருமன் ஆகியவற்றையும் அளந்தனர். அமைப்பைப் பற்றிய இயல்புகளுள் பால் குழாய் வளையங்களின் எண்ணிக்கையே விளைச்சலோடு மிக நெருங்கிய தொடர்புடையது எனக் கண்டனர். தடித்த பட்டை நல்லதே. ஆயினும், வளையங்கள் குறைந்த தடித்த பட்டையைவிட, வளையங்கள் மிகுந்த சாதாரணப் பட்டை மேலானதாகும்.

ஓட்டமும் அடைப்பும்

களஞ்சியம் பெரிதாயிருந்தால் மட்டும் போதாது. கதவும் திறந்திருக்க வேண்டும். வெட்டியவுடன் விரைந்து ஓடும் பால் சிறிது சிறிதாகத் தளர்ந்து நின்றுவிடுகின்றது. குழாய்களின் வெட்டுவாயில் ரப்பர்த் துகள்கள் உறைந்து அடைத்துக் கொள்வதே இதற்குக் காரணம். சில இனங்களில் இவ்வடைப்பு விரைவில் ஏற்படும், சிலவற்றில் தாமதமாகும். ஒத்த வளையங்கள் கொண்ட இரு மரங்களில் ஒன்று சீக்கிரம் நிற்பதும், மற்றொன்று நெடுநேரம் சொட்டுவதும் இதனாலேயே. எத்திஃபோன் மருந்தைப் பூசும்போது பால் அதிகம் ஓடுவதும் இவ்வடைப்பு தாமதப்படுவதாலேயாகும்.

பருமன் கூறும் செய்தி

அவ்வாறாயின் பருமன் பயனற்றதா? அன்று. ஒட்டு மரத்தின் சுற்றளவு 50 சென்டிமீட்டரை எட்டிய பின்னரே அது வெட்டுக்குத் தகுதி பெறுகின்றது. விரைந்து பருக்கும் இனம் விரைவில் பயன் தரும். ஒரே இனத்து மரங்களுக்குள், பருத்த மரம் மெலிந்த மரத்தைவிடப் பொதுவாகக் கூடுதலாகவே பால் தரும். சுற்றளவு கூடினால் வெட்டுக்கோடும் நீளும் அல்லவா?

ஆனால், வெவ்வேறு இனங்களை ஒப்பிடும்போது இக்கணக்கு பொய்த்துவிடுகின்றது. மரம் தான் ஆக்கும் உணவைப் பாலுக்கும் செலவிட வேண்டும். கட்டைக்கும் செலவிட வேண்டும். பாலை வாரி வழங்கும் மரம், வெட்டத் தொடங்கிய பின் மெதுவாகவே பருக்கின்றது. தண்டு மெலிந்து, தலை கனத்தால் பலத்த காற்றில் முறியவும் கூடும். முறிந்த மரம் எத்துணைச் சிறந்த இனமாயினும் அதன் விளைச்சல் சுழியமே. ஆதலால், ஆய்வாளர் ஓர் இயல்பை மட்டும் நாடுவதில்லை. வளையம், ஓட்டம், வளர்ச்சி, காற்றைத் தாங்கும் வலிமை, நோய் எதிர்ப்பு ஆகிய அனைத்தையும் எடைபோடுகின்றனர். பாலோடு பலகையையும் கருதி உருவாக்கப்பட்ட ஆர்.ஆர்.ஐ.எம். 2000 வரிசை இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும்.

கையின் பங்கு

இனம் எத்துணைச் சிறந்ததாயினும், அதன் பயனை வெளிக்கொணர்வது பால்வெட்டுபவரின் கையே. மேலோட்டமாக வெட்டினால் உள்வளையங்கள் தப்பிவிடும். ஆழமாக வெட்டினால் வளர்படலம் காயமுற்று, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும்; அவ்விடத்தை மறுபடி செவ்வனே வெட்ட இயலாது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவு மிகச் சிறியது. அதனை நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களில் காப்பது தேர்ந்த தொழில் என்பதில் ஐயமில்லை.

நினைவிற் கொள்க

1. பால் குழாய்கள் சற்றே வலப்புறம் சாய்ந்து மேலேறுகின்றன. இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழும் வெட்டே மிகுதியான குழாய்களைத் திறக்கும்.

2. விடியற்காலையில் குழாய்களில் அழுத்தம் மிகுதி. வெயில் ஏறினால் ஓட்டம் குறையும்.

3. அளவுக்கு மீறி அடிக்கடி வெட்டப்படும் மரம் பால் வற்றிப் போகக்கூடும்.

4. தம் நிரையில் உள்ளது எந்த இனம், எந்த ஆண்டு நடப்பட்டது என்பதனைக் கேட்டறிந்து கொள்க. ஒரு நிரையின் பாலை மற்றொரு நிரையின் பாலோடு ஒப்பிடும்போது, மரத்தின் இனத்தையும் வயதையும் சேர்த்துக் கணக்கிடுவதே முறை. அவ்வாறு கணக்கிட்டால், எது மரத்தின் குறை, எது கையின் குறை என்பது தெளிவாகும். கையின் திறமையும் உரிய மதிப்பைப் பெறும்.