தொண்டைப் புண்ணைச் சும்மா விடலாமா?



மழையிலும் பனியிலும் மலைக்குப் போகும் நமக்குத் தொண்டை நோவு புதிதல்ல. கொத்தமல்லி அவித்துக் குடித்து, இரண்டு பனடோல் போட்டுவிட்டு இருந்து விடுகிறோம். பலருக்குச் சுகமாகியும் விடும். ஆனால் சில மருந்து குடிப்பவர்கள் அப்படி இருக்கக் கூடாது.

நமது இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள்தான் உடம்பின் காவல்காரர்கள். அவற்றில் கிருமியை முதலில் எதிர்க்கும் வகை, ஒரு கன மில்லிமீற்றர் இரத்தத்தில் ஏறக்குறைய 2,000 முதல் 7,500 வரை இருக்கும். அது 500க்குக் கீழே இறங்கினால், வாயில் வழக்கமாக உள்ள கிருமிகளே தொண்டையில் புண்ணை உண்டாக்கும். காய்ச்சலும் நடுக்கமும் வரும். எச்சில் விழுங்கவும் முடியாது. கிருமி இரத்தத்தில் பரவினால் உயிருக்கே ஆபத்து.

தைரொயிட் அதிகமாகச் சுரக்கும் கழலை நோய்க்குக் கொடுக்கும் கார்பிமசோல் மாத்திரை, அபூர்வமாகச் சிலருக்கு இப்படிச் செய்துவிடும். பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள்தான் வரும். புற்றுநோய் மருந்துகளாலும், மனநோய்க்கான குளோசபின் மருந்தாலும் வரலாம்.

என்ன செய்ய வேண்டும்?

1. கார்பிமசோல் குடிப்பவருக்குக் காய்ச்சலோ தொண்டை நோவோ வாய்ப்புண்ணோ வந்தால், அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்ற மருந்து குடிப்பவர்களும் அன்றைக்கே போய், டொக்டர் சொல்வதைக் கேளுங்கள்.
2. கிளினிக் கொப்பியைக் காட்டி, குடிக்கும் மருந்தைச் சொல்லுங்கள். இரத்தம் சோதித்தால் தெரிந்துவிடும்.

நேரத்தோடு போனால், மருந்தை நிறுத்திய ஓரிரு வாரத்தில் பெரும்பாலும் அணுக்கள் கூடிவிடும். ஒரு நாள் பேர் போனால் மறுநாள் உழைக்கலாம். உயிர் போனால் வருமா?