குறட்டை நிற்கும் நேரம்

குறட்டை விட்டால் ஆள் அசந்து தூங்குகிறார் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லாரும் நினைத்திருந்தோம், மனைவியைத் தவிர. “உங்க குறட்டை எனக்குப் பழகிப்போச்சுங்க. அது திடீர்னு நின்னுபோகுதே, அப்பதான் பயமா இருக்கு” என்பாள். ஒருநாள் செல்போனில் பதிவு செய்து போட்டுக் காட்டினாள். கர்ரென்று ஓடிய சத்தம் அறுந்து, அமைதி. 17, 18 என்று அவள் எண்ணும் குரல். பிறகு நீருக்குள்ளிருந்து தலை தூக்கியவன்போல ஒரு திணறல். எனக்கு எதுவும் நினைவில்லை.

காலைத் தலைவலிக்குக் கண்ணாடியையும், இரவில் மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுவதற்குச் சர்க்கரையையும், சிக்னலில் பைக் மேலேயே கண் சொக்குவதற்கு வயதையும் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். ‘ஸ்லீப் ஆப்னியா’ என்றார் மருத்துவர். தலையிலும் மார்பிலும் ஒயர்களோடு ஓர் இரவு படுக்கவைத்து எடுத்த பரிசோதனையில், மணிக்கு 38 முறை மூச்சு நின்றோ குறைந்தோ இருந்தது. 30-ஐத் தொட்டாலே கடுமை. உறக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது. மூளை பதறி எழுப்பிவிடுகிறது. இத்தனை முறை தட்டி எழுப்பப்பட்டவன் பகலில் தூங்கிவழியாமல் என்ன செய்வான்?

சிபாப் கருவி வந்தது. முகமூடியோடு என்னைப் பார்த்த சித்தப்பா, “ஆக்சிஜன் வைக்கிற அளவுக்குப் போயிடுச்சாப்பா?” என்று கலங்கிவிட்டார். அறைக் காற்றையே அழுத்தத்தோடு அனுப்பித் தொண்டை மூடாமல் தாங்குகிற கருவி அது, அவ்வளவுதான். 1980-ல் சிட்னியில் மருத்துவர் காலின் சலிவன் இதை முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தினார். அதுவரை கடுமையான நோய்க்குக் கழுத்தில் துளையிடுவதுதான் வழி. இதைக் கேட்டதும் முகமூடி மேலிருந்த கோபம் பாதி இறங்கியது.

மீதி இறங்க இரண்டு மாதம். முதல் வாரமே கருவி பீரோ மேல் ஏறிவிட்டது. நான் வாய் திறந்து தூங்குகிறவன்; கொடுத்ததோ மூக்கை மட்டும் மூடும் முகமூடி. காற்று வாய்வழியே வெளியேறி, விடிந்தால் நாக்கு வறண்டு கிடக்கும். வாயையும் மூடும் வகைக்கு மாற்றியதும் சரியானது. காற்று கசிந்தால் பட்டையை இறுக்கத்தான் கை போகும். அளவுக்கு மீறி இறுக்கினால் குஷன் நசுங்கி இன்னும் கசியும். படுத்தபடி, கருவி ஓடும்போதே சரிசெய்யுங்கள். மாலையில் டிவி பார்க்கையில் அரைமணி போட்டுப் பழகியது எனக்கு உதவியது. கருவியின் ஈரப்பதத் தொட்டியில் குழாய்த் தண்ணீரை ஊற்றி வெள்ளைப் படிவு கட்டவிட்டேன். காய்ச்சி வடித்த நீர்தான் ஊற்ற வேண்டும். மின்வெட்டு உள்ள ஊரென்றால் இன்வெர்ட்டரில் இணையுங்கள்.

இந்த நோய்க்குச் சாட்சி, பக்கத்தில் படுப்பவர்தான். குறட்டைக்கு நடுவே 10 விநாடிக்கு மேல் சத்தமில்லாமல் போய்ப் பிறகு திணறல் கேட்டால், அதைப் போனில் பதிவு செய்து, ஆளையும் கையோடு மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.