யென் ரேட், டாலர் ரேட்: எக்ஸெலில் எப்படி வைப்பது?

மண்ணூரில் என் சித்தப்பா சிறிய ஒர்க் ஷாப் ஒன்று நடத்துகிறார். பக்கத்திலுள்ள கார் உதிரிபாகக் கம்பெனிகளுக்கு வெல்டிங் பிக்ஸ்சர் செய்து தருவதுதான் தொழில். பிக்ஸ்சரில் பொருத்தும் ஏர் சிலிண்டர், கிளாம்ப் போன்றவற்றில் சிலவற்றை ஜப்பானிலிருந்து நேரடியாக வரவழைக்கிறார். அதற்கான பில் யென்னில் வரும். இவர் கொட்டேஷன் கொடுப்பதோ ரூபாயில்.

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில், "கொட்டேஷன் போட ஒரு ஷீட் செஞ்சு குடுடா" என்றார். செய்து கொடுத்தேன். பைலின் முதல் ஷீட்டில் ஒரு செல்லுக்கு மஞ்சள் வண்ணம் கொடுத்து, "யென் ரேட்டை இதில் மட்டும் மாற்றுங்கள் சித்தப்பா, மற்றதெல்லாம் தானாக மாறிக்கொள்ளும்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன். ஒவ்வொரு கொட்டேஷனுக்கும் அதே பைலில் ஒரு ஷீட். எல்லா ஷீட்டிலும் உள்ள பார்முலா அந்த மஞ்சள் செல்லைத்தான் பார்க்கும்.

ஜனவரியில் ஒரு கொட்டேஷன் போட்டார். 3,00,000 யென் மதிப்புள்ள பாகங்கள், ரேட் 0.55 (எண்களைச் சுருக்கிச் சொல்கிறேன்). ரூபாயில் 1,65,000. ஜூன் மாதம் அதே கம்பெனியிலிருந்து, பழைய கொட்டேஷனின் காப்பி ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். பைலைத் திறந்து, அந்த ஷீட்டை பிரின்ட் எடுத்து அனுப்பிவிட்டார். இடையில் யென் ஏறியிருந்ததால் மஞ்சள் செல்லில் 0.60 என்று மாற்றியிருந்தார். பாகங்களின் விலை இப்போது 1,80,000. ஜனவரித் தேதியும் கொட்டேஷன் நம்பரும் அப்படியே இருக்க, தொகை மட்டும் 15,000 ரூபாய் கூடியிருந்தது!

பர்ச்சேஸ் பிரிவில் இரண்டு தாள்களையும் மேஜைமேல் வைத்துக் கேட்டபோது சித்தப்பாவால் பதில் சொல்ல முடியவில்லை. பழைய கொட்டேஷனின் கெடு முடிந்துவிட்டது என்று சொல்லி, புதிய தேதியில் புதிய விலை கொடுத்திருந்தால் பேசிப் பார்த்திருக்கலாம். ஒரே நம்பரில் இரண்டு விலை என்றானபின் பேச இடமில்லை. ஜனவரி விலைக்கே செய்து கொடுத்தார். "ரேட் ஏறிடுச்சு, மாத்தினேன். நீதானடா மஞ்சக் கட்டத்துல மட்டும் கை வைக்கச் சொன்னே?" என்றார். உண்மைதான். தவறு ஷீட்டைச் செய்தவன் மீதுதான்.

சாப்ட்வேர் எழுதுகிறவனே இப்படிச் செய்தால், புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களைக் குறை சொல்ல முடியாது. ரேட்டை ஒரே ஒரு எண் என்று நினைப்பதில்தான் பிரச்சினை தொடங்குகிறது. ரேட் என்றால் மூன்று விவரங்கள் கூடவே இருக்க வேண்டும்: எந்தத் தேதிக்கு, எந்த வகை, எத்தனை யூனிட்டுக்கு.

தேதி ஏன் முக்கியம் என்பதற்கு 2013-ஐ நினைத்துக்கொண்டால் போதும். மே மாதத் தொடக்கத்தில் 54 ரூபாயை ஒட்டியிருந்த டாலர், ஆகஸ்ட் 28 அன்று 68 ரூபாயைத் தாண்டியது. எப்போதும் ஏறும் என்றும் சொல்வதற்கில்லை. 2007-ல் 44 ரூபாய் அளவிலிருந்து 40-க்குக் கீழே இறங்கி, டாலரில் பில் போட்டுக்கொண்டிருந்த திருப்பூர் ஏற்றுமதியாளர்களைத் தவிக்கவிட்டது.

வகை என்பதுதான் பலருக்கும் தெரியாதது. செய்தித்தாளிலும் இன்டர்நெட்டிலும் பார்க்கும் ரேட்டில் யாரும் உங்களுக்கு யென் தரப்போவதில்லை. பணம் அனுப்பும்போது வங்கி தன் விற்பனை ரேட்டைப் போடும். அது சற்றுக் கூடுதலாக இருக்கும். வெளிநாட்டிலிருந்து உங்களுக்குப் பணம் வந்தால் வாங்கும் ரேட்; அது சற்றுக் குறைவு. சரக்கு துறைமுகத்துக்கு வரும்போது சுங்க வரி கணக்கிடுவதற்குத் தனி ரேட் உண்டு. 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தின்படி, இறக்குமதிக்கு ஒன்றும் ஏற்றுமதிக்கு ஒன்றுமாக மாதம் இரு முறை வெளியாகும். இவை போக, 'ரெபரன்ஸ் ரேட்' என்று ஒன்று. முன்பு ரிசர்வ் வங்கியே வெளியிட்டது. 2018 ஜூலை முதல் பைனான்சியல் பெஞ்ச்மார்க்ஸ் இந்தியா என்ற நிறுவனம், வங்கி வேலை நாட்களில் டாலர், யூரோ, பவுண்ட், யென் ஆகியவற்றுக்கு வெளியிடுகிறது. ஒப்பந்தங்களில் 'இன்ன தேதி ரெபரன்ஸ் ரேட்டின்படி' என்று எழுத இது உதவும். உங்கள் பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கச் சிறு எழுத்துக்களில் இப்படி ஒரு வரி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

யூனிட் விஷயத்தில் யென்தான் ஆளைக் கவிழ்க்கும். ரெபரன்ஸ் ரேட்டிலும் சுங்க ரேட்டிலும் யென்னுக்கு 100 யூனிட்டுக்கான விலையைத்தான் போடுகிறார்கள். 59.85 என்று இருந்தால் ஒரு யென் 0.5985 ரூபாய். 59.85 என்றே ஷீட்டில் போட்டுவிட்டால் நூறு மடங்கு! அவ்வளவு பெரிய தவறு உடனே கண்ணில் பட்டுவிடும். 0.5985 என்பதை 0.60 என்று சுருக்கிப் போடுவதுதான் கண்ணில் படாது. 3,00,000 யென்னுக்கு அதில் 450 ரூபாய் வித்தியாசம். ஆகவே செல்லில் =59.85/100 என்று டைப் செய்து என்டர் கீயைத் தட்டுங்கள். பார்மட் செல்ஸ் மூலம் நான்கு தசம இடங்கள் தெரியும்படி அமைத்துவிடுங்கள்.

ரேட்டுக்கு ஒரு தனி ஷீட்

இனி வேலைக்கு வருவோம். எக்ஸெலில் சொல்கிறேன்; இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் இதையே செய்யலாம்.

புதிய ஷீட் ஒன்றைத் திறந்து 'வங்கி ரேட்' என்று பெயர் கொடுங்கள். முதல் வரிசையில் 'வங்கி விற்பனை ரேட், 1 யூனிட்டுக்கு' என்று எழுதிவையுங்கள். இரண்டாம் வரிசையில் ஏ காலத்தில் தேதி, பி-யில் டாலர், சி-யில் யூரோ, டி-யில் யென் என்று தலைப்புகள். மூன்றாம் வரிசையிலிருந்து ரேட்டுகள். சுங்க ரேட்டும் வேண்டுமென்றால் இதேபோல் இன்னொரு ஷீட். ஒரே ஷீட்டில் இரண்டு வகைகளையும் கலக்காதீர்கள்.

இந்த ஷீட்டுக்கு ஒரே ஒரு சட்டம்தான். ரேட் மாறினால் கீழே புது வரிசை சேர்க்க வேண்டும். பழைய வரிசையில் கை வைக்கக்கூடாது. தேதிகள் மேலிருந்து கீழாக ஏறுவரிசையில் இருக்க வேண்டும். வரிசையில் எந்த நாணயத்தின் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். யூரோ ரேட் அன்று பார்க்கவில்லை என்றால் முந்தைய ரேட்டையே திரும்ப எழுதுங்கள். காலி செல்லை எக்ஸெல் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். பூஜ்ய ரேட்டில் பாகங்கள் இலவசம் என்று கொட்டேஷன் போய்விடும்.

தேதியை டைப் செய்தபின் அது செல்லின் வலப்பக்கம் ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். இடப்பக்கம் ஒட்டி நின்றால் எக்ஸெல் அதைத் தேதியாக ஏற்கவில்லை, வெறும் எழுத்தாக வைத்திருக்கிறது. விண்டோஸில் ரீஜன் அமெரிக்கா என்றிருந்தால் இன்னும் மோசம். 05/06 என்று ஜூன் 5-ஐ எழுதினால் மே 6 ஆகிவிடும். கன்ட்ரோல் பேனலில் ரீஜன் பகுதிக்குப் போய் இந்தியா என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

தேதியைக் கொடுத்தால் ரேட் வர வேண்டும்

கொட்டேஷன் ஷீட்டில் பி3 செல்லில் தேதி, பி6-ல் யென் தொகை இருக்கட்டும். ரேட் வர வேண்டிய சி6 செல்லில் கர்சரை வைத்து, மேலே பார்முலா பாரின் இடப்பக்கம் உள்ள எஃப்எக்ஸ் பட்டனை அழுத்துங்கள். வரும் பட்டியலில் வீ-லுக்அப் என்ற பங்ஷனைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். நான்கு பெட்டிகள் வரும்.

முதல் பெட்டியில் கர்சரை வைத்து பி3 செல்லை கிளிக் செய்யுங்கள். தேட வேண்டிய தேதி அது. இரண்டாம் பெட்டிக்கு, வங்கி ரேட் ஷீட்டுக்குப் போய் ஏ3 முதல் ஜே1000 வரை தேர்ந்தெடுத்து எஃப்4 கீயை ஒருமுறை அழுத்துங்கள். எண்களுக்கு முன்னால் டாலர் குறிகள் விழும். (நாம் பேசிக்கொண்டிருக்கும் டாலருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பார்முலாவைக் காப்பி செய்யும்போது இடம் மாறாமலிருக்க.) மூன்றாம் பெட்டியில் 4, அதாவது நான்காவது காலமான யென். நான்காம் பெட்டியில் 1.

அந்தக் கடைசி 1-ல்தான் விஷயமே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொட்டேஷன் போட்டால் அன்றைக்கு ரேட் இருக்காது. 1 கொடுத்திருந்தால், அந்தத் தேதிக்கு முன் கடைசியாக எழுதிய ரேட்டை எடுத்துத் தரும். 0 கொடுத்தால் சரியாக அதே தேதி இல்லையென்று பிழை காட்டும்.

இதிலும் ஒரு ஆபத்து உண்டு. இரண்டு மாதமாக நீங்கள் ரேட்டே எழுதவில்லை என்றாலும், எந்த முணுமுணுப்பும் இல்லாமல் இரண்டு மாதப் பழைய ரேட்டைக் கொடுக்கும். எனவே பக்கத்து டி6 செல்லில் இதே பங்ஷனை இன்னொரு முறை போட்டு, மூன்றாம் பெட்டியில் 4-க்குப் பதில் 1 கொடுங்கள். செல்லின் பார்மட்டைத் தேதியாக மாற்றுங்கள். எடுத்த ரேட் எந்தத் தேதியுடையது என்பது கண்ணெதிரே நிற்கும்.

மஞ்சள் செல்லுக்குப் பிறகு நான் செய்த இரண்டாவது தவறையும் சொல்லிவிடுகிறேன். சித்தப்பாவுக்கு டைப் செய்யும் வேலை மிச்சம் என்று பி3-ல் டுடே என்ற பங்ஷனைப் போட்டுவைத்தேன். அது பைலைத் திறக்கும் ஒவ்வொரு நாளும் அன்றைய தேதியாக மாறிவிடும். தேதி மாறினால் ரேட்டும் மாறும். மறுபடியும் பழைய கதை! நல்லவேளை, பிரின்ட் எடுக்கும் முன்பே கண்டுபிடித்துவிட்டேன். இன்றைய தேதி நிரந்தரமாக விழ, கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு செமிகோலன் கீயைத் தட்டுங்கள். அனுப்பிய கொட்டேஷனை பிடிஎஃப் ஆகவும் சேமித்துவையுங்கள். காப்பி கேட்டால் அதைத்தான் கொடுக்க வேண்டும்.

திட்ட ரேட் வேறு, நடப்பு ரேட் வேறு

அடுத்த மூன்று மாதத்துக்குத் திட்டம் போடுகிறீர்கள். எந்த ரேட்டில் போடுவது? இன்றைய ரேட்டில் போட்டால் நாளை தவறும். 'திட்டம்' என்று ஒரு ஷீட்டில், இந்தக் காலாண்டுக்கு இதுதான் என்று ஒரு ரேட்டை முடிவு செய்து எழுதுங்கள். காலாண்டு முடியும் வரை அதை மாற்ற வேண்டாம்.

சித்தப்பாவின் ஆர்டர் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். விற்பனை விலை 4,20,000 ரூபாய். இரும்பு, கூலி, கரண்ட் எல்லாம் சேர்த்து உள்ளூர்ச் செலவு 2,10,000. இறக்குமதி 3,00,000 யென். ரேட் 0.60 என்றால் லாபம் 30,000. ரேட் 0.63 ஆனால் 21,000. 0.66 ஆனால் 12,000. யென் பத்து சதவீதம் ஏறியதில் லாபத்தில் அறுபது சதவீதம் போய்விட்டது.

விற்பனை விலையிலிருந்து உள்ளூர்ச் செலவைக் கழித்து யென் தொகையால் வகுத்தால் 0.70 வரும். அந்த ரேட்டில் லாபம் பூஜ்யம். இந்த எண்ணைத்தான் ஒவ்வொரு ஆர்டரிலும் பெரிய எழுத்தில் போட்டுவைக்கச் சொல்வேன். உண்மையில் 0.70 வரும்வரை கூடத் தாங்காது. சுங்க வரி ரூபாய் மதிப்பின் மீது போடப்படுவதால், ரேட் ஏறினால் வரியும் ஏறும். இந்த எல்லை ரொம்பக் கிட்டத்தில் இருக்கிறதென்றால், ஒரு தேதிக்கு முன்கூட்டியே ரேட்டை நிச்சயித்துக்கொள்ளும் பார்வர்டு ஒப்பந்தம் பற்றி வங்கியில் கேட்கலாம்.

பில்லைக் கணக்கில் ஏற்றும் நாளில் 0.60, பணம் அனுப்பும் நாளில் 0.62 என்றால் 6,000 ரூபாய் கூடுதலாகப் போகும். இதைப் பாகங்களின் விலையோடு சேர்த்து எழுதிவிடாமல் 'ரேட் வித்தியாசம்' என்று தனிக் காலத்தில் எழுதுங்கள். கணக்குத் தணிக்கையிலும் இது தனியாகத்தான் வரும். ஒர்க் ஷாப்பில் சேதாரத்தால் போன பணமா, யென்னால் போன பணமா என்பது அப்போதுதான் தெரியும்.

இந்த ஏற்பாடு என் கண்டுபிடிப்பு இல்லை. டேலியில் வெளிநாட்டு நாணயம் சேர்த்தால், தேதிவாரியாக பொது ரேட், விற்கும் ரேட், வாங்கும் ரேட் என்று தனித்தனியாகக் கேட்கும். பெரிய கம்பெனிகள் வைத்திருக்கும் எஸ்ஏபி சாப்ட்வேரில் சராசரிக்கு எம், வங்கி விற்பதற்கு பி, வாங்குவதற்கு ஜி, செலவுத் திட்டத்துக்கு பீ (ஆங்கில எழுத்து வரிசையில் ஓ-வுக்கு அடுத்தது) என்று ரேட்டுக்கு வகைக் குறியீடுகள் உண்டு. 100-க்கு 1 என்ற விகிதம்கூடத் தனி டேபிளில் இருக்கும். அதில் ஒரு வேடிக்கை: 2025 ஜூன் 5 என்ற தேதியை 79749394 என்று சேமிக்கும். 99999999-இலிருந்து 20250605-ஐக் கழித்த விடை! புதிய தேதிக்குச் சிறிய எண் கிடைப்பதால், தேடும்போது புதிய ரேட் முதலில் வந்து நிற்கும்.

எங்கள் பக்கத்தில் நாணயங்களுக்குப் பஞ்சமில்லை. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது, 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலை திறந்தது, 2012-ல் டெய்ம்லர் லாரித் தொழிற்சாலை வந்தது. கொரிய வொன், யென், யூரோ மூன்றும் சின்ன ஒர்க் ஷாப் வரை வந்துவிடும். வொன்னுக்கும் சுங்க ரேட் 100 யூனிட்டுக்குத்தான். அதை ரேட் ஷீட்டில் சேர்க்கும்போது யென்னுக்கு அடுத்து, ஈ காலத்தில் சேருங்கள். டாலருக்கும் யூரோவுக்கும் நடுவில் காலத்தைச் செருகினால், பார்முலாவில் நீங்கள் கொடுத்த 4 யூரோவைச் சுட்டிக்காட்ட ஆரம்பித்துவிடும்.